வண்டி ‘ஜாம்’ ஆகிவிட்டதா? கடன் மனு எழுதும் முன் பார்க்க வேண்டியவை



போன சீசன் தொடக்கத்தில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மேலகரம் பக்கத்துக் குழுக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி, போன மாதத் தீர்மானம் வாசித்து முடிந்ததும் ஒரு உறுப்பினர் எழுந்து கடன் மனுவை நீட்டினார். தொகை 9,000 ரூபாய். காரணம் என்ற இடத்தில் ‘வண்டி ஜாம்’ என்று இரண்டே வார்த்தை.

அவரிடம் இருப்பது பழைய எக்ஸ்.எல். சூப்பர். சீசன் மூன்று மாதமும் மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களைக் கூடையில் கட்டிக்கொண்டு ஐந்தருவி ரோட்டில் விற்பார். மற்ற மாதங்களில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்துத் தெருத்தெருவாகப் போவார். வண்டி இல்லையென்றால் அவருக்குத் தொழில் இல்லை. அதே கூட்டத்தில் இன்னொரு உறுப்பினர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 8,000 கேட்டிருந்தார். குழுக் கணக்கில் இருந்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“வண்டியை யார் பார்த்தாங்க?” என்று கேட்டோம்.

“ஒர்க் ஷாப் அண்ணாச்சி பாத்தாவ மேடம். கிக்கரை ஒரு மிதி மிதிச்சாவ, இறங்கல. இன்ஜின் ஜாம் ஆயிட்டு, புல் செட்டு மாத்தணும்னு சொல்லிட்டாவ.”

“பிளக்கைக் கழற்றிப் பார்த்தாரா?”

“அதெல்லாம் தெரியாது மேடம்.”

அன்றைக்கு ஊக்குநரிடம் சொல்லி, மனுவை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொன்னோம். மறுநாள் காலையில் எல்லாருமாகப் போய் வண்டியைப் பார்த்தோம். அங்கே பார்த்ததைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் பாடம்.

‘ஜாம்’ என்பது காய்ச்சல் மாதிரி

காய்ச்சல் என்று சொன்னால் நோய் எதுவென்று தெரிந்துவிடாது. சளியாலும் காய்ச்சல் வரும், டைபாய்டிலும் வரும். ‘ஜாம்’ என்ற சொல்லும் அப்படித்தான். கிக்கர் இறங்கவில்லை, இன்ஜின் சுற்றவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் சுற்றவில்லை என்பதற்கு ஐந்தாறு காரணம் உண்டு. சில காரணங்களுக்குச் செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். எது என்று தெரியாமல் போடும் கடன், எக்ஸ்ரே எடுக்காமல் செய்யும் ஆபரேஷன்.

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம். சைக்கிள் பம்புக்குள் கம்பி ஏறி இறங்குவதைப் பார்த்திருப்போம். அதே மாதிரி, பிளாக் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. பம்பை நாம் கையால் அடிக்கிறோம். இங்கே பெட்ரோல் எரிந்து அடிக்கிறது. பிஸ்டன் அலுமினியம். பல பழைய வண்டிகளில் அது உரசும் உள்சுவர் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான் இருக்கும். அந்த இடைவெளியில் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது.

சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆயில் இல்லாவிட்டாலோ, சூடு அளவுக்கு மீறினாலோ, பிஸ்டன் விரிந்து அந்தத் தலைமுடி இடைவெளியை நிரப்பிவிடும். உடனே சுவரில் தேய்ந்து, அலுமினியம் இழுபட்டு அப்பிக்கொண்டு நின்றுவிடும். இதுதான் உண்மையான ‘பிஸ்டன் பிடிச்சுக்கிட்டது’. சீஸ் ஆயிட்டு என்று சொல்வதும் இதையே.

ஆனால் நிறுத்தி வைத்த வண்டியில் துரு பிடித்தும் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் நின்றாலும் சுற்றாது. பிஸ்டனுக்குச் சம்பந்தமே இல்லாமல் கிக்கர் பல்லு மாட்டிக்கொண்டும் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நாங்களே ஒரு குடும்பத்தைக் கடனில் விட்டிருக்கிறோம். அதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

நாங்கள் செய்த தப்பு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்று, பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் நம் உறுப்பினர் ஒருவரின் மகன், அக்காளைப் பார்க்க அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போயிருந்தான். 100 சிசி, நான்கு ஸ்ட்ரோக் வண்டி, பதினைந்து வருடப் பழசு. ஆள் தப்பித்தான். வண்டி சீட்டு வரை முங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

கிக்கர் இறங்கவில்லை. நாங்கள் நிவாரணப் பட்டியல் எடுக்கப் போனவர்கள், வாசலில் நின்று யோசனை சொன்னோம். “ரெண்டாவது கியர் போட்டுத் தள்ளிப் பாருங்க, விட்டுரும்.” நாலு பையன்கள் சரிவில் தள்ளினார்கள். முதலில் பின்சக்கரம் சுற்றாமல் இழுபட்டு வந்தது. இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். உள்ளே ‘டங்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி.

இன்ஜினைப் பிரித்தபோது கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. பிஸ்டனுக்கு மேலே வெள்ளத் தண்ணீர் நின்றிருக்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே ஏற வழியில்லாமல், தள்ளின வேகம் முழுவதும் அந்த ராடு மேல் விழுந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றியிருந்தால் பத்து நிமிட வேலை. அது கிராங்க் வேலையாகி, ஒரு வருடம் தவணை கட்டினார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தவணையை நோட்டில் எழுதும்போது எங்களுக்குத்தான் கை கூசியது.

அதன் பிறகுதான் இரண்டு மூன்று மெக்கானிக் அண்ணாச்சிமார்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் கை வேலையைப் பார்த்து, கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டோம். நல்ல மெக்கானிக் எவரும் கேள்வி கேட்டால் கோபப்படுவதில்லை. இதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

வண்டியைத் தொடும் முன் ஒன்று கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, நிறுத்தி வைத்திருந்து எடுக்கும்போது வரவில்லையா, தண்ணீரில் முங்கியதா?

ஓட்டத்தில் நின்றது என்றால் எப்படி நின்றது என்று ஓட்டினவரிடம் கேளுங்கள். இழுவை குறைந்து, ‘கிர்ர்’ என்று சத்தம் வந்து, பின்சக்கரம் பிடித்த மாதிரி நின்றது என்றால் பிஸ்டன் பிடித்திருக்கலாம். சத்தமே இல்லாமல் அணைந்து, பிறகு கிக்கர் இறங்கவில்லை என்றால் வேறு காரணமும் உண்டு. கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டது, யார் போட்டது, ஆயில் கலந்ததா என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு வீட்டில் உண்மை வர நேரமாகும். மகனோ தம்பியோ போட்டிருப்பான், பயத்தில் சொல்ல மாட்டான். திட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் துருவைச் சந்தேகப்படலாம். நம் பக்கம் சாரல் காலத்தில் துணியே காய்வதில்லை. இன்ஜின் உள்ளே எப்படிக் காய்ந்திருக்கும்? தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நின்றால் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கலாம். ஆகவே நிறுத்தி வைக்கப்போகிற வண்டியில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

முங்கின வண்டி என்றால் கேள்வியே வேண்டாம். கிக் அடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, செல்ப் பட்டனைத் தொடக் கூடாது. நேராகப் பிளக்கைக் கழற்றும் வேலைக்குப் போக வேண்டும்.

கையால் பார்க்கும் சோதனை

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சக்கரமே சுற்றவில்லை என்றால் அது இன்ஜினாகவே இல்லாமல் இருக்கலாம். பிரேக் ஷூ பிடித்திருக்கும், அல்லது செயின் கழன்று மாட்டியிருக்கும். சேலை முந்தானையோ துப்பட்டாவோ செயினில் சுற்றி நின்ற வண்டியையும் ‘ஜாம்’ என்று ஒர்க் ஷாப்புக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், நடந்ததுதான்.

சக்கரம் சுற்றுகிறது, கிக்கர் மட்டும் இறங்கவில்லை என்றால், கியர் வண்டியில் இன்னொரு சோதனை உண்டு. சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியர் போடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னுக்குச் சுற்றுங்கள். கியரில் இருப்பதால் சக்கரம் சுற்றினால் இன்ஜினும் சுற்ற வேண்டும். பிளக் ஓட்டையில் ‘புஸ் புஸ்’ என்று காற்று வந்தால் பிஸ்டன் நன்றாக ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். அப்படியானால் மாட்டியிருப்பது கிக்கர் பல்லு. பிஸ்டன் செட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

எக்ஸ்.எல். வண்டியில் கியரும் கிடையாது, கிளட்ச் பிடியும் கிடையாது. சக்கரத்தைச் சுற்றினாலும் இன்ஜின் சுற்றாது. அதில் மேக்னட் மூடியைக் கழற்றி, மேக்னட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார்கள். நடு நட்டில் ஸ்பேனர் போட்டால், நட்டு இறுகும் பக்கமாகத்தான் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் நட்டு கழலும், இன்ஜின் அசையாது. இதை மெக்கானிக் செய்யட்டும். நாம் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

பிளக்கைக் கழற்றுவதுதான் முக்கியமான வேலை. ஒரு பிளக் ஸ்பேனர் இருந்தால் யாரும் செய்யலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சாவி அணைந்திருக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் கூடாது. பிளக் ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். உள்ளே தண்ணீரோ பெட்ரோலோ நின்றால் பீய்ச்சி அடிக்கும். கார்ப்பரேட்டர் மிதவை மாட்டிக்கொண்டு, ராத்திரி முழுவதும் பெட்ரோல் வழிந்து சிலிண்டரில் நிறைந்து ‘ஜாம்’ ஆன வண்டியும் உண்டு. பிளக்கை எடுத்த பிறகு மெதுவாகச் சுற்றினால் அது வெளியே வந்துவிடும், இன்ஜினும் சுற்றும்.

கழற்றின பிளக்கின் முனையைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் நல்லது. சாம்பல் மாதிரி வெளுத்துப் போயிருந்தால் இன்ஜின் அதிகமாகச் சூடாகியிருக்கிறது. கருப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ எரியாமல் நின்றிருக்கிறது. முனையில் பளபளவென்று சின்னச்சின்ன உருண்டை ஒட்டியிருந்தால், அது பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்தது. அப்போது செலவு நிச்சயம். மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலையும் பார்க்க வேண்டும். ஆயில் குச்சியைத் துடைத்துவிட்டு நனைத்துப் பாருங்கள். ஒன்றும் ஒட்டவில்லை என்றால் காரணம் கண்டாயிற்று. பால் ஊற்றின காப்பி மாதிரி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஆயிலை இறக்காமல் இன்ஜினைச் சுற்றவே கூடாது. இறக்கின ஆயிலில் மினுமினுப்பு இருந்தால் ஒரு காந்தத்தைக் கிட்டே காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. பேரிங், கியர் பக்கம் தேய்மானம். ஒட்டாமல் மினுங்கினால் பெரும்பாலும் அலுமினியம். பிஸ்டனைச் சந்தேகப்படலாம்.

துரு பிடித்து ஒட்டினதாகத் தோன்றினால் அவசரம் கூடாது. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் விட வேண்டும். டூ ஸ்ட்ரோக் பிளாக்கில் பக்கவாட்டில் ஓட்டைகள் இருப்பதால் ஊற்றினது கீழே இறங்கிவிடும். மறுநாள் பார்த்து மறுபடியும் ஊற்ற வேண்டும். பிறகு முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். இறுகின ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. கிக்கர் மேல் ஏறி நின்று குதித்தால் கிக்கர் ஷாப்ட் போகும், பல்லு உடையும். ஒரு செலவு இரண்டாகும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில்தான் உயிர்

1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 முதல் எக்ஸ்.எல். சூப்பர் வரை நம் ஊர் மொபெட்டுகள் டூ ஸ்ட்ரோக். 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 தான் நான்கு ஸ்ட்ரோக். பெயர் ஒன்று போல இருப்பதால் குழம்புகிறார்கள். நான்கு ஸ்ட்ரோக்கில் ஆயில் இன்ஜினின் அடியில் தனியாக நிற்கிறது. பழைய மொபெட்டில் அப்படிக் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் போகும் ஒரே ஆயில். ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளில் அதற்குத் தனி டேங்கும் பம்பும் இருக்கும். அந்த டேங்க் காலியானாலும் இதே கதைதான்.

லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். 40 மில்லி என்றால் 25-க்கு ஒன்று. எது சரி என்பது வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனி புத்தகத்தில் உள்ளதே கணக்கு. “ஆயில் கூடினால் புகை வருது, குறைச்சு ஊத்து” என்று பக்கத்து வீட்டு யோசனையைக் கேட்டு அளவைக் குறைத்தவர்கள் உண்டு. மிச்சமான ஆயில் காசு ஒரு மாதத்துக்கு இருபது, முப்பது ரூபாய். போன பிஸ்டனின் விலை உங்களுக்கே தெரியும்.

மலைப்பாதை ஆட்களுக்கு இன்னொன்று. புளியரையிலிருந்து ஆரியங்காவு ஏறும்போது பாரம் வைத்த டூ ஸ்ட்ரோக் சூடாகும். அது எல்லாருக்கும் தெரியும், நடுவில் நிறுத்தி ஆற வைப்பார்கள். இறங்கும்போது உள்ள ஆபத்துதான் தெரிவதில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு நீண்ட இறக்கத்தில் வந்தால், சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் பெட்ரோல் போகவில்லை. பெட்ரோல் போகவில்லை என்றால் ஆயிலும் போகவில்லை. ஆகவே இறக்கத்தில் இடையிடையே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து மூட வேண்டும். வேகத்தைப் பிரேக்கில் அடக்கிக்கொள்ளுங்கள்.

ரோட்டில் போகும்போது பிடிக்கிற மாதிரி தெரிந்தால், கியர் வண்டியில் உடனே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். கிளட்ச் பிடிக்காவிட்டால் பின்சக்கரம் பூட்டி ஆளைத் தள்ளிவிடும். எக்ஸ்.எல்.-இல் இன்ஜின் வேகம் குறைந்தால் கிளட்ச் தானே விட்டுவிடும். நின்ற பிறகு அரைமணி, முக்கால் மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிளாக் விரிசல் விடலாம். ஆறினதும் பிஸ்டன் சுருங்கி, பல சமயம் கிக்கர் இறங்கிவிடும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ‘சரியாயிட்டு’ என்று பழையபடி விரட்டாதீர்கள். உள்ளே கீறல் விழுந்திருக்கும். மெதுவாக அருகில் உள்ள ஒர்க் ஷாப் வரைதான் போக வேண்டும்.

ஒர்க் ஷாப்பில் என்ன கேட்பது?

பிளக்கை எடுத்தும், ஊற வைத்தும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் அது சில நட்டு வேலைதான். “ஹெட்டைத் தூக்கிட்டுக் கூப்பிடுங்க அண்ணாச்சி, நாங்க வந்து பாக்கோம்” என்று சொல்லுங்கள். போய்ப் பாருங்கள். ஹெட்டை எடுத்ததும் பிளாக்கின் மேல்பக்கம் தெரியும். பிளாக்கையும் உருவின பிறகு சுவர் முழுவதும் தெரியும். மேலும் கீழுமாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் பிஸ்டன் பிடித்தது உண்மை. சைலன்சர் பக்கம் மட்டும் கீறல் என்றால் சூடு, ஆயில் குறைவு, அல்லது காற்று கூடி பெட்ரோல் குறைந்தது என்று சந்தேகப்பட வேண்டும். காற்று உள்ளே வரும் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் பில்டர் வழியாகத் தூசி போயிருக்கலாம். சுவர் சுத்தமாக இருந்தும் சுற்றவில்லை என்றால் நோய் கீழே, கிராங்க் பேரிங்கில்.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால் புதுப் பிஸ்டனும் பிடிக்கும். காற்று ஒழுகும் கேஸ்கட்டும் அடைத்த கார்ப்பரேட்டர் ஜெட்டும் பழையபடியே இருக்குமே!

எல்லாக் கீறலுக்கும் போர் போட வேண்டியதில்லை. வார்ப்பிரும்புச் சுவரில் அலுமினியம் அப்பியிருப்பது மட்டும் என்றால், அதைச் சுரண்டி, எமரி தாள் போட்டுச் சுத்தம் செய்து ஓட்டலாம். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் கீறலில் மாட்டினால் ஆழம். அப்போது லேத்தில் அளந்து போர் போட வேண்டும். போர் போட்டால் பிஸ்டன் அடுத்த அளவு, 0.25 மி.மீ. அல்லது 0.50 மி.மீ. பெரிதாக இருக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதை அளந்து, அதற்கு ஏற்றபடி பிளாக்கைக் கடைய வேண்டும். கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. ஏற்கெனவே எத்தனை தடவை போர் போட்ட பிளாக் என்றும் கேளுங்கள். கடைசி அளவு வரை போயிருந்தால் ஸ்லீவ் போட வேண்டி வரும். அப்போது பழைய வண்டிக்கு அந்தச் செலவு தகுமா என்று வீட்டிலும் குழுவிலும் பேசியே முடிவெடுக்க வேண்டும். சில வண்டியை விற்றுவிடுவதே நல்லது. ஆனால் பிளக்கைக்கூடக் கழற்றாமல் ‘ஜாம்’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மாற்றின பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். செலவைத் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். கடன் மனுவோடு அந்தச் சீட்டையும் வைத்தால் குழுவுக்கும் தீர்மானம் எழுத வசதி. ‘பொம்பளைங்களுக்கு இன்ஜின் பத்தி என்ன தெரியும்’ என்று யாராவது முணுமுணுக்கலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் நம் பெண்கள் சைக்கிள் கற்றபோதும் இதே முணுமுணுப்புதான். 2018-இல் தொடங்கின அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியம் வாங்கி எத்தனை உறுப்பினர்கள் வண்டி எடுத்தோம்! அந்த வண்டிகளும் இப்போது பழசாகிக்கொண்டு வருகின்றன. ஓட்டத் தெரிந்த கைக்கு ஒரு பிளக் கழற்றுவது பெரிய வித்தை அல்ல.

மேலகரத்து வண்டி என்ன ஆயிற்று?

கார்த்திகை மாதம் உடம்பு சரியில்லாமல் படுத்தவர், வண்டியை வீட்டுச் சுவர் ஓரம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். சீசனுக்கு எடுக்கும்போதுதான் வரவில்லை. ஓட்டத்தில் நிற்கவில்லை என்பது முதல் துப்பு. பிளக்கை எடுத்தோம். முனையில் உருண்டை எதுவும் இல்லை, ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு. வேறொரு அண்ணாச்சியை வீட்டுக்கே கூப்பிட்டோம். டீசலும் 2டி ஆயிலும் ஊற்றினார். முதல் நாள் மேக்னட் அசையவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. “9,000-ஐக் கொடுத்திருக்கலாமோ?” என்று எங்களுக்கே வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் நாள் காலையில் ஒரு விரல் அளவு அசைந்தது. மத்தியானத்துக்குள் சுற்றிவிட்டது.

பழைய பெட்ரோலை இறக்கி, கார்ப்பரேட்டரைக் கழுவி, புதுப் பிளக் போட்டு, ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றினதும் பதினைந்தாவது கிக்கில் ஸ்டார்ட் ஆனது. தெருவெல்லாம் வெள்ளைப் புகை. கூலியோடு 650 ரூபாய். அந்த மாதம் குழுவின் பணம் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது.

வண்டி முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். துரு தின்ற ரிங்கு பழைய இழுவையைத் தராது. ஏற்றத்தில் திணறுகிறது என்கிறார். சீசன் முடிந்ததும் பிளாக்கைப் பிரித்து ரிங்கு மாற்ற 2,000 ரூபாய் உள்கடன் கேட்டார். இந்தத் தடவை மனுவில் காரணம் நாலு வரி இருந்தது. மெக்கானிக் எழுதின சீட்டும் பின்னால் குத்தியிருந்தது.

அந்தக் குழுவில் இப்போது தீர்மானம் போட்டு ஒரு பிளக் ஸ்பேனர் வாங்கி, குழுப் பெட்டியில் நோட்டுகளோடு வைத்திருக்கிறார்கள். வேண்டுபவர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய், அடுத்த கூட்டத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். போன வாரம் போனபோது ஸ்பேனர் பெட்டியில் இல்லை. ஆய்க்குடியில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறது என்றார்கள்.